கேஸ்கட்டில் வைத்த பொட்டு

எனக்கு ஒன்பது வயதாக இருந்தபோது எங்கள் வீட்டுக் கார் கொலுசு போட்டுக்கொண்டு ஓடியது. கொலுசு என்று சொன்னது அப்பா. அத்தை அதை வால்வு சத்தம் என்பாள். அப்பாவின் கடைசித் தங்கையான அவள் மெக்கானிக்கல் படித்துவிட்டு, பழைய சின்னக் கார் ஒன்றை வாங்கி, ராஜபாளையத்தில் எங்கள் வீட்டு வாசலிலேயே அதை ரேஸ் காராக மாற்றிக்கொண்டிருந்தாள். இன்ஜினின் மேல்பாகமான ஹெட்டைக் கழற்றி, லேத்தில் கொடுத்துச் சீவி, பெரிய வால்வுகள் போட்டுத் திரும்ப மாட்டினாள். வேகம் வந்தது. கூடவே சூடும் சத்தமும் வந்தன.

கோயம்புத்தூரில் ரேஸ் இன்ஜின் செய்யும் பட்டறை ஒன்றில் அவளை வேலைக்குக் கூப்பிட்டிருந்தார்கள். ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்று வந்த அப்பா, பரீட்சை வைக்காமல் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கமாட்டார். "சீவில்லிபுத்தூரு போயி, அடுப்புலருந்து எறக்குன பால்கோவா வாங்கி, சூடு ஆறுறதுக்குள்ள எங்கையில கொண்டாந்து குடு. கோயம்புத்தூரு போ. இல்லன்னா ஞாயித்துக்கெழம மகாராஜபுரத்துக்காரங்கள பொண்ணு பாக்க வரச் சொல்லிருவேன்" என்றார். வழியில் கார் கொதித்து நின்றால் பால்கோவா ஆறிவிடும். ஏமாற்ற வழியே இல்லை. வீட்டில் அத்தை கட்சியில் இருந்தது நான் ஒருத்திதான்.

முதல் முறை கிளம்பினோம். சூடு காட்டும் முள்ளைப் பார்த்துக்கொள்வது என் வேலை. பாதி தூரம் தாண்டியதும் "அத்த, செவப்புக்கு வந்துட்டு!" என்று கத்தினேன். பானெட்டுக்குள்ளிருந்து ஆவி கிளம்பியது. தோட்டத்துப் பம்புசெட்டில் குடம் குடமாகத் தண்ணீர் வாங்கி வைத்துக்கொண்டு இன்ஜின் ஆறுவதற்காகக் காத்திருந்தோம். தூரத்தில் கோபுரம் தெரிந்தது, பால்கோவாதான் தெரியவில்லை.

அத்தை ரேடியேட்டரைக் கழுவினாள். சூடேறினால் திறந்து தண்ணீருக்கு வழிவிடும் தெர்மோஸ்டாட்டை அம்மாவின் ரசச் சட்டியில் வெந்நீர் வைத்துப் போட்டுப் பார்த்தாள். அது ஒழுங்காகத்தான் திறந்தது, அம்மாவிடம் திட்டு வாங்கியதுதான் மிச்சம். கடைசியில் வெள்ளிக்கிழமை காலையில் ஹெட்டையே கழற்றிவிட்டாள்.

ஹெட்டுக்கும் அதன் கீழே இருக்கும் பிளாக்குக்கும் நடுவில் கேஸ்கட் என்று மெல்லிய தகடு ஒன்று உண்டு. தண்ணீர் மேலே ஏற அதில் ஓட்டைகள் இருக்கும். அத்தை அதைத் தூக்கிப் பார்த்து, "எழுத்து கீழ கெடக்கே" என்றாள். தலைகீழாக மாட்டியதால் தண்ணீர் போகும் வழி பாதி அடைபட்டிருந்தது.

எங்கள் வீட்டில் புதிதாக எது வந்தாலும், அண்டாவோ ஆணியோ, சாமி படத்தின் முன்னால் வைத்துச் சந்தனமும் குங்குமமும் இட்ட பிறகுதான் தொடுவோம். அந்த கேஸ்கட்டுக்குப் பொட்டு வைத்தவள் நான். "எழுத்து இருக்க பக்கந்தான் மேல. அதுலயே வையி, எனக்கு அடையாளமா இருக்கும்" என்று அத்தை சொல்லித்தான் கொடுத்தாள். ஆனால் எழுத்து சரஸ்வதி அல்லவா! புத்தகத்தில் கால் பட்டாலே தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்கிற வீட்டில், சரஸ்வதியின் முகத்தில் சந்தனத்தை அப்ப எனக்கு மனம் வரவில்லை. வெறுமையாக இருந்த பக்கத்தில் அழகாக மூன்று பொட்டு வைத்தேன். அன்று மழை இருட்டிக்கொண்டு வந்த அவசரத்தில், அத்தை பொட்டைத் துடைத்துவிட்டு, துடைத்த பக்கம் மேலே இருக்கும்படி மாட்டிவிட்டாள்.

"நான்தான் மாத்தி வச்சேன் அத்த" என்று அழுதேன். அத்தை ஸ்பேனரைப் போட்டுவிட்டுத் தரையில் உட்கார்ந்து, கண்ணில் நீர் வரச் சிரித்தாள். "அடி பாவி, ரேடியேட்டர மூணு தடவ கழுவுனேனேட்டி! எம்புட்டு ஏச்சு வாங்குனேன் ஒங்க அம்மாகிட்ட!"

அன்று மத்தியானமே புது கேஸ்கட் வந்தது. அதை இரண்டு பேரும் கும்பிட்டதோடு சரி. ஹெட் சூட்டில் வளைந்திருக்கிறதா என்று இரும்பு ஸ்கேலை வைத்துப் பார்த்தாள். தப்பித்தது. எல்லாவற்றையும் மாட்டிய பிறகு, இன்ஜின் குளிர்ந்திருக்கும்போதே ஒவ்வொரு வால்வுக்கும் இடைவெளி அளந்தாள். போன தடவை பொறுமையில்லாமல் சூட்டோடு அளந்ததுதான் கொலுசுச் சத்தத்துக்குக் காரணமாம். அவள் சொல்லச் சொல்ல நான் ஸ்பேனரால் இன்ஜினைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சுற்றிவிட்டேன்.

சனிக்கிழமை முள் நடுவிலேயே நின்றது. திரும்பும்போது பால்கோவாப் பொட்டலம் என் மடியில் இருந்தது. தொடை சுட்டது. "சுடுது அத்த, சுடுது!" என்று வழி நெடுகச் சந்தோஷமாகக் கத்திக்கொண்டு வந்தேன். அப்பா பானெட்டின் பக்கத்தில் காதை வைத்துக் கேட்டார், பிறகு பால்கோவாவை வாயில் போட்டார். நாக்கைச் சுட்டுக்கொண்டு, "போயிட்டு வாட்டி" என்றார். நான் தெரு முழுக்க ஓடிப்போய்ச் சொன்னேன், அம்புட்டு சந்தோஷம் எனக்கு.

திங்கட்கிழமை காலை அத்தை காரில் பெட்டியை ஏற்றினாள். நான் என் தலையணையையும் இரண்டு கவுனையும் ஏற்றிவிட்டு முன் சீட்டில் உட்கார்ந்துகொண்டேன்.

"நீ எங்கட்டி கெளம்பிட்ட?" என்று அப்பா கேட்டார்.

"கோயம்புத்தூருக்கு. நாமதான பாஸாயிட்டோம்."

வாசலில் நின்ற எல்லோரும் சிரித்தார்கள். அத்தை மட்டும் துணியை எடுத்து ஸ்டியரிங்கைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அப்பா கதவைத் திறந்து என்னைத் தலையணையோடு தூக்கி இறக்கினார். அந்த வாரம் முழுக்க அவளை ஊரை விட்டு அனுப்பத்தான் நான் அத்தனை பாடுபட்டேன் என்பது, கார் தெருமுனை திரும்புகிற வரை எனக்குத் தெரியவில்லை.