எனக்குக் காது நன்றாகக் கேட்கும்

மலேசியாவின் கிள்ளானில் எங்கள் சொந்தக்காரர்கள் அத்தனை பேருக்கும் நான் காது கேட்காதவள். உண்மையில் எனக்குக் காது தேவைக்கு மேலேயே கேட்கும். பக்கத்து வீட்டில் யாராவது மிக்ஸியைப் போட்டால் இங்கே என் பல் கூசும்.

எல்லாம் ஒரு கல்யாணத்தில் ஆரம்பித்தது. எனக்கு அப்போது ஐந்து வயது. நாதஸ்வரமும் தவிலும் ஒன்றாக எழும்பியதும் காதைப் பொத்திக்கொண்டு மேசைக்கு அடியில் போய் உட்கார்ந்துவிட்டேனாம். யார் கூப்பிட்டும் பதில் இல்லை. "பிள்ளைக்கு மண்டையில ஏதும் கோளாறா?" என்று எல்லார் முன்னாலும் கேட்டவர் அத்தை, அப்பாவின் அக்கா. அம்மா யோசிக்கவேயில்லை. "அவளுக்குக் காது சரியா கேக்காது அண்ணி" என்றார்.

காது கேட்காத பிள்ளை எதற்குக் காதைப் பொத்திக்கொள்ள வேண்டும் என்று கிள்ளானில் ஒருவருக்கும் தோன்றவில்லை. அன்று முதல் என்னிடம் எல்லாரும் கத்தித்தான் பேசினார்கள். அத்தை இன்னும் ஒரு படி மேலே போய், என் தலையைப் பிடித்துத் திருப்பிக் காதோடு வாயை வைத்துக் கத்துவார். பாசம்தான், சந்தேகமே இல்லை. தீபாவளி வந்தாலே எங்கே ஒளியலாம் என்று இடம் தேடுவேன். வேலைக்குப் போன பிறகு சத்தத்தைக் குறைக்கும் ஹெட்போன் வாங்கிப் போட்டுக்கொண்டேன். அதைக் காது மிஷின் என்று நினைத்துக்கொண்டு, மிஷினுக்கும் எட்டட்டும் என்று குரலை இன்னும் ஏற்றினார்கள்.

எனக்கு ஆட்டிசம் என்று தெரிந்தபோது வயது இருபத்தெட்டு. சுபாங் ஜெயாவில் ஒரு மனநல நிபுணர் பல நாள் பேசிப் பார்த்துவிட்டுச் சொன்னார். எனக்கு அழுகை வந்தது. துக்கத்தில் வந்த அழுகை இல்லை; இத்தனை வருடமும் நான் வேண்டுமென்றே அடம்பிடிக்கவில்லை என்று யாரோ சாட்சி சொன்னது போல இருந்தது. அம்மாவிடம் சொன்னேன். "சரிம்மா, நமக்குள்ளயே இருக்கட்டும்" என்றார். ஐந்து வருடம் அப்படியே இருந்தது.

போன வருடம் பிரிக்பீல்ட்ஸில் ஆட்டிசம் உள்ள பிள்ளைகளின் பெற்றோர் குழு ஒன்று கூட்டம் போட்டது. ஆட்டிசம் உள்ள ஒருவரே வந்து தமிழில் பேசினால் நன்றாக இருக்கும் என்று அந்த நிபுணர் மூலமாக என்னைக் கேட்டார்கள். எந்தத் தைரியத்தில் சரி என்றேனோ தெரியாது. போர்ட் கிள்ளான் துறைமுகத்தில் கன்டெய்னர் தாள்களைச் சரிபார்க்கும் வேலை எனக்கு. தாளோடு பேசிப் பழக்கம், ஆளோடு இல்லை. ஆனாலும் உட்கார்ந்து மூன்று பக்கம் எழுதினேன். முதல் பக்கத்தில் வரலாறு. தாய்க்குப் பாசம் போதாததால்தான் பிள்ளை இப்படி ஆகிறது என்று பெரிய மருத்துவர்களே நம்பிய காலம் உண்டு. பிறகு பெற்றோர்கள் எழுந்து அது பொய் என்றார்கள், சங்கம் வைத்தார்கள், பள்ளிக்கூடம் கேட்டார்கள். அதற்கும் பிறகு ஆட்டிசம் உள்ளவர்களே எழுந்து, எங்களைப் பற்றி நாங்களும் பேசுவோம், எங்களைச் சரிசெய்யப் பார்க்காமல் எங்களுக்கு இடம் கொடுங்கள் என்றார்கள். இரண்டாம் பக்கத்தில் காது கேட்காத கதை. அதை எழுதும்போது கை வேகமாக ஓடியது. எனக்குக் கோபம் இருந்தது. மூன்றாம் பக்கத்தில், நமக்காக நாமே பேச வேண்டும் என்ற அறைகூவல்.

கூட்டத்துக்கு இரண்டு நாள் முன்பு அம்மா வெளிறிப்போய் வந்து நின்றார். அத்தையும் வருகிறாராம். அவருடைய பேத்திக்கு மூன்று வயது, இன்னும் பேச்சு வரவில்லை. நாக்கு தடிப்பு என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தவர், யாருக்கும் தெரியாமல் அந்தக் கூட்டத்துக்குப் போக அம்மாவைத் துணைக்குக் கூப்பிட்டிருக்கிறார். பேசப்போவது நான் என்று அவருக்குத் தெரியாது.

அத்தை நேரே மண்டபத்துக்கு வருவதாக ஏற்பாடு. கொம்யூட்டர் மின்ரயிலில் கோலாலம்பூரின் கே.எல். செண்ட்ரல் நிலையம் வரும்வரை அம்மா என் கையிலிருந்த தாளையே பார்த்துக்கொண்டு வந்தார்.

"உனக்கு ஆட்டிசம்னு சொல்லிக்கோ, பரவால்ல. அந்தக் காது விஷயம் மட்டும் வேணாம்லா. என் நாத்தனார் முன்னால என்னைப் பொய்க்காரியா நிறுத்தாதே."

"பொய்தானேம்மா சொன்னீங்க?"

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். வெளியே பார்த்தபடியே, "உன்னை டாக்டர்கிட்ட கொண்டு போகாமலா இருந்தேன்?" என்றார். "பிள்ளையத் தூக்கிக் கொஞ்சுறதே இல்லையான்னு என்னைப் பார்த்துக் கேட்டாரு. தூக்கினா நீ வீல்னு கத்துவ. நான் என்னத்தச் சொல்ல? அதோட எந்த டாக்டர்கிட்டயும் போகல."

என் முதல் பக்கம் மடியில் இருந்தது. எங்கோ வெள்ளைக்கார நாட்டில், எப்போதோ நடந்ததாக நினைத்து அதை எழுதியிருந்தேன். அந்தத் தாய் எனக்குப் பக்கத்து இருக்கையில் கைப்பையை இறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அந்தப் பொய்யைப் போட்டு உடைப்பதா விடுவதா என்று எனக்குத் தெரியவில்லை. சொன்னால் அம்மா கூனிக்குறுகுவார். சொல்லாவிட்டால் அத்தை சாகும்வரை என் காதில் கத்துவார், பேத்தியின் காதிலும் கத்துவார்.

மண்டபத்தில் அறுபது பேர் இருக்கலாம். மூன்றாவது வரிசையில் அம்மாவும் அத்தையும். நான் மேடை ஏறியதும் அத்தையின் வாய் திறந்தது, கடைசிவரை மூடவில்லை. முதல் பக்கத்தைப் படித்தேன். அம்மா தலையைக் குனிந்துகொண்டார். இரண்டாம் பக்கத்தை எடுத்தேன். அதை அப்படியே அடியில் தள்ளிவிட்டு மூன்றாம் பக்கத்துக்குப் போனேன்.

கைதட்ட வேண்டாம், கையை உயர்த்தி ஆட்டினால் போதும் என்று குழுவினர் முன்பே சொல்லியிருந்தார்கள். அறுபது ஜோடிக் கைகள் சத்தமில்லாமல் ஆடின. எனக்கு வெட்கமாக இருந்தது. நமக்காக நாமே பேச வேண்டும் என்று முழங்கிவிட்டு, பேச வேண்டிய ஒன்றை விழுங்கிவிட்டு இறங்கினேன்.

தேநீர் மேசைக்குப் பக்கத்தில் அத்தை என்னைப் பிடித்துவிட்டார். ஹெட்போன் கழுத்தில் கிடந்தது. வழக்கம்போல என் தலையைத் திருப்பி, காதோடு வாயை வைத்தார்.

"ஐயோ பாவம்! காதும் கேக்காம, இதுவும் சேர்ந்துருச்சாம்மா உனக்கு!"

கையிலிருந்த தேநீர் தளும்பியது. கண்ணை மூடிக்கொண்டேன்.

"யாரு சொன்னா அவளுக்குக் காது கேக்காதுன்னு?" அம்மாவின் குரல். தட்டில் கறிபாப் பலகாரம் எடுத்துக்கொண்டிருந்தவர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள்.

அத்தைக்கு ஒன்றும் புரியவில்லை. "நீதானே சொன்ன!"

"நான்தான் சொன்னேன். பொய் சொன்னேன். அவளுக்கு எல்லாம் கேக்கும், கத்தினா வலிக்கும். கைய எடுங்க அண்ணி. மெதுவா பேசுங்க."

அம்மாவின் முகம் சிவந்திருந்தது. நாத்தனாரை எதிர்த்து அவர் பேசி நான் பார்த்ததே இல்லை. இப்போது இங்கேயே பெரிய சண்டை வெடிக்கும் என்று பயந்து நின்றேன். அத்தை அம்மாவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். கையை எடுத்தார். ஓர் அடி பின்னால் தள்ளி நின்றார்.

"எங்க குட்டியும் காதைப் பொத்திக்குவா," என்றார். "அவளுக்கும் வலிக்குமாம்மா?"

சன்னமான, லேசாகக் கரகரத்த, மிகவும் இதமான குரல். யார் பேசுவது என்று ஒரு கணம் எனக்குப் பிடிபடவில்லை. முப்பத்து மூன்று வயதில் அத்தையின் குரலை அன்றுதான் முதன்முதலாகக் கேட்டேன்.

"வலிக்கும் அத்தை," என்றேன்.