மாலை போடாத படம்

நவம்பர் 10, ஞாயிறு. முற்பகல் 11.20: வெக்ஸ்போர்ட் அடுக்குமாடி வீட்டிலிருந்து மகளின் காரில் புறப்பாடு. 12.05: ரொறன்ரோ நகரின் மேற்கேயுள்ள ஓவியக் கூடத்தை வந்தடைந்தோம். அறிவித்த திறப்பு நேரம்: 1.00. பங்கேற்ற ஓவியர்கள்: எட்டுப் பேர், அனைவரும் யூத மரபினர். படங்கள்: முப்பத்தொன்று. அவற்றுள் ஒன்று என் மனைவியின் உருவப்படம். அவள் இறந்து ஏழு மாதங்கள்.

அந்தப் படத்தை நான் அதுவரை கண்டதில்லை. எங்கள் மாடியில் மூன்று கதவு தள்ளிக் குடியிருக்கும் ஓவியர், எண்பது வயது அம்மையார், சென்ற குளிர்காலத்தில் ஞாயிறுதோறும் அவளை எதிரே இருத்தி வரைந்தார். சனிக்கிழமை அவருக்கு ஓய்வுநாள், தூரிகையைத் தொடமாட்டார். முடியுமுன் யாரும் பார்க்கக் கூடாதென்பது அவரது நிபந்தனை. முகம் அரைகுறையாக இருந்தபோதே என் மனைவி போய்விட்டாள். மீதியை அவர் நினைவிலிருந்து முடித்தார். எனவே என் கவலை ஒன்றுதான்: அதில் இருப்பது அவளாக இல்லாவிட்டால்?

எனினும் காலை ஐந்து மணிக்கே சவரம் செய்து, சட்டையை இருமுறை மாற்றினேன். நாற்பதாண்டு விரிவுரையாற்றியவன், எந்த மண்டபத்துக்கும் இத்தனை முன்னதாகத் தயாரானதில்லை.

"அப்பா, உதென்ன பெட்டிக்குள்ள?" என்றாள் மகள், காரோட்டியபடி.

"மாலை. அம்மாவின்ர படத்துக்கு."

"ஆர்ட் கலரிக்குள்ள பூ விடமாட்டினம். பேச்சு வாங்கப் போறியள்."

"கேட்டுப் பாப்பம். நீ கெதியா ஓட்டு."

"ரெட் லைற் அப்பா. பறக்கேலாது."

கதவு திறந்ததும் முன்னே நின்றவர்களை விலக்கிக்கொண்டு நடந்தேன். அது என் வழக்கமன்று. பனி மூடிய மீன்கடை ஒன்று, இரு மெழுகுதிரிகளுக்கிடையே திறந்து கிடந்த பிரார்த்தனை நூல் ஒன்று என்று படங்கள் கடந்து போயின. மூன்றாவது சுவரில் அவள் இருந்தாள். மூக்குக்கண்ணாடியைத் தலைமேல் ஏற்றிவிட்டு, மேசையில் அதையே தேடிக்கொண்டிருந்தாள். நான் ஒளித்துவைத்துவிட்டேனென்று குற்றஞ்சாட்டப் போகும் அந்த உதட்டுச் சுழிப்பு, இம்மியும் பிசகவில்லை.

"ஓம், இவதான்!" என்றேன். குரல் உயர்ந்துவிட்டது, பலர் திரும்பினர்.

அவர்களில் ஒருவர், படத்தருகே நின்ற எங்கள் ஓவியரிடம் ஆங்கிலத்தில் கேட்டார்: "யூத ஓவியர்களின் காட்சியில் இந்தப் பெண் எப்படி?"

"வரைந்தவள் நான். போதாதா? பக்கத்து வீட்டுக்காரியை வரைய யாரிடம் அனுமதிக் கடிதம் வாங்க வேண்டும்?"

நான் பெட்டியைத் திறந்தேன். மல்லிகை மணம் பரவியது.

"அண்ணை," என்றார் ஓவியர். என்னைவிட ஏழு வயது மூத்தவர். என்னை அப்படி அழைக்கும்படி என் மனைவி விளையாட்டாகச் சொல்லிக்கொடுத்திருந்தாள். "இது எதற்கு?"

"எங்களில் இறந்தவர் படத்துக்கு மாலை சூட்டுவோம்."

"உயிரோடிருப்பவர் படத்துக்கு?"

"வீட்டில் போடமாட்டோம். அபசகுனம்."

"அப்படியானால் என் படத்தில் இறந்தது யார்? எங்களில் கல்லறைக்கே பூ கொண்டுபோவதில்லை. ஒரு கல் வைப்போம். இங்கே கல்லும் வேண்டாம், பூவும் வேண்டாம். அவள் கண்ணாடியைத் தேடுகிறாள். தேடட்டும், விடுங்கள்."

மகள் சிரித்தாள். "அம்மா நிண்டிருந்தா உங்களைக் கிழிச்சிருப்பா."

பெட்டியை மூடினேன். ஏழு மாதங்களில் முதன்முறையாக அவள் முகத்தை நெடுநேரம் நிமிர்ந்து பார்க்க முடிந்தது. வெட்கமில்லாமல் சொல்கிறேன்: மகிழ்ச்சியாக இருந்தது.

"ஞாயிற்றுக்கிழமைகளில் அந்த நாற்காலி சும்மா கிடக்கிறது. நீங்கள் வந்து இருங்கள்," என்றார் ஓவியர். "அசையாமல் இருப்பீர்களா?"

"அப்பாவா? அம்மாவாவது கதைச்சுக்கொண்டு இருந்தா. இவரை உயிரோட இருக்கிறாரோ எண்டு இடைக்கிடை தட்டிப் பாக்கவேணும்," என்ற மகள், அதையே ஓவியருக்கு ஆங்கிலத்திலும் சொன்னாள்.

நான் மறுபடி படத்துக்குத் திரும்பினேன்.

இன்னும் செய்யாதவை:

மற்ற முப்பது படங்களையும் ஒழுங்காகப் பார்ப்பது. மற்ற ஓவியர் எழுவருக்கும் அந்த மரியாதை பாக்கி.
கொழும்பிலுள்ள மைத்துனிக்கு இந்தப் படத்தை அலைபேசியில் எடுத்தனுப்புவது.
வீட்டு வரவேற்பறையில் அவள் புகைப்படத்துக்குப் போட்ட மாலை இருக்கட்டுமா என்று மகளிடம் கேட்பது.
மூன்று கதவு தள்ளிப் போய், ஞாயிறு வாறன் என்று சொல்வது.