அது இவளுடைய பை

என் கணவர் சீருடையைக் கண்டால் பயப்படுகிற மனிதர். ரயில் பெட்டிக்குள் டிக்கெட் பரிசோதகர் நுழைந்ததுமே, டிக்கெட் பத்திரமாக இருக்கிறது என்று தெரிந்தும், சட்டைப்பையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொள்வார். ஹெல்மெட் மாட்டி, எல்லாக் காகிதங்களையும் கையில் வைத்துக்கொண்டு போகும்போதும் முனையில் போலீஸ்காரர் நின்றால் வண்டியை வேறு தெருவுக்குத் திருப்பிவிடுவார். கல்லூரியில் இயற்பியல் பேராசிரியராக இருந்தவர். அவர் வகுப்பில் பிள்ளைகள் தும்மக்கூட யோசிப்பார்கள் என்று கேள்வி. இந்தப் பயத்தை நான் இத்தனை வருஷமும் கேலி செய்துகொண்டுதான் இருந்தேன். துபாயில் அது என் தலையில் வந்து விழுந்தது.

அவர் ஓய்வு பெற்றதற்காக எங்கள் மகள் ஐரோப்பாவில் கப்பல் பயணம் பதிவு செய்து கொடுத்தாள். பார்சிலோனாவில் ஏற வேண்டும். போகிற வழியில் துபாயில் இரண்டு நாள் தங்கல். அங்கே அவருடைய கல்லூரி நண்பர் ஒருவர் இருந்தார். கீழக்கரைக்காரர், துபாயில் டேரா என்கிற பகுதியில் சூப்பர் மார்க்கெட் வைத்திருக்கிறார். "ஹோட்டல்ல தங்குனேன்னு தெரிஞ்சா உன் மூஞ்சிலேயே முழிக்க மாட்டேன் மாப்ள" என்று போனிலேயே சொல்லிவிட்டார்.

கப்பலில் இரவு விருந்துக்குக் கோட்டு போட வேண்டும் என்று எங்கோ வீடியோவில் பார்த்துவிட்டு, என் கணவர் மதுரையில் கோட்டு தைத்துக்கொண்டார். அது கசங்கிவிடும் என்று தன் பெட்டியில் வேறு எதையும் வைக்கவிடவில்லை. பருப்புப்பொடி, ஊறுகாய், மாத்திரை, அவருடைய கைலி எல்லாம் என் பெட்டிக்கு வந்தன. கிளம்புகிற அன்று அவரே ஒரு பிளாஸ்டிக் பொட்டலத்தைக் கொண்டுவந்து என் சேலைகளுக்கு நடுவே செருகினார். கசகசா. தூக்கம் வராத மனிதர். கசகசாவை அரைத்துப் பாலில் கலந்து குடித்தால்தான் கண் அசரும். கப்பலில் யார் அரைத்துத் தருவார்கள் என்று கேட்டேன். "வாயில போட்டு மென்னுட்டுப் பாலைக் குடிச்சுக்குறேன்" என்றார். அந்த நாட்டுக்குள் கசகசா கொண்டுபோகக் கூடாது என்று எங்கள் இரண்டு பேருக்குமே தெரியாது. மளிகைக் கடையில் சீரகத்துக்குப் பக்கத்தில் வைத்து விற்கிற சாமான். அதைப் போதைப்பொருள் கணக்கில் சேர்த்திருப்பார்கள் என்று யாருக்குத் தோன்றும்?

பெட்டிகளை எடுத்துக்கொண்டு வெளியே வருகிற இடத்தில், மறுபடி ஒரு தடவை எந்திரத்தில் வைக்கச் சொன்னார்கள். அவருடைய பெட்டி போய்விட்டது. என்னுடையதைத் தனியாக எடுத்து வைத்தார்கள். இளைஞரான ஓர் அதிகாரி திறந்து, சேலைகளை மரியாதையாகவே விலக்கி, பொட்டலத்தை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். அவர் முகம் மாறியது. யாருடைய பை என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

நான் வாயைத் திறப்பதற்குள் என் கணவர் பதில் சொல்லிவிட்டார். "அது இவளுடைய பை. என் மனைவி. அவள் என்ன எடுத்து வைத்தாள் என்று எனக்குத் தெரியாது." நல்ல ஆங்கிலம். பிசிறில்லாமல் வந்தது. சொல்லிவிட்டு என்னை விட்டுக் கொஞ்சம் தள்ளி நின்றார். யாரோ ஒருத்திக்குப் பின்னால் வரிசையில் நிற்கிறவர் மாதிரி நின்றார்.

என்னை ஓர் அறைக்குக் கூட்டிக்கொண்டு போனார்கள். அங்கே கறுப்பு அங்கி போட்ட பெண் அதிகாரி ஒருத்தி, என் மகள் வயதுதான் இருக்கும், உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுத்தாள். இந்தப் பொட்டலம் எதற்கு என்று கேட்டாள். நான் தபால் ஆபீஸ் கவுண்டரில் வேலை பார்த்தவள். என் ஆங்கிலம் கவுண்டருக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து பேசுகிற ஆங்கிலம். பால், தூக்கம் என்று இரண்டு வார்த்தையைச் சொல்லி, கன்னத்தில் கை வைத்துக் கண்ணை மூடிக் காட்டினேன். தூக்கம் என்று சொல்லியிருக்கவே கூடாது. அங்கிருந்தவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"உனக்கா?" என்று கேட்டாள்.

ஆமாம் என்றேன். பெருந்தன்மை என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். அவரை உள்ளே கூப்பிட்டால், அவர் உளறுகிற உளறலில் இரண்டு பேரும் கம்பி எண்ண வேண்டியிருக்கும் என்று பயந்தேன். ஊரில் எனக்குத் தெரிந்தவர்கள் எல்லோரும் வரிசையாக மனசில் வந்து போனார்கள். தபால் ஆபீஸ்காரி போதை மருந்து கடத்தினாளாம் என்று பேசுவார்கள். அதைவிட, கதவு திறக்கும்போதெல்லாம் அவர் வந்துவிட்டாரா என்று என் கண் போனதுதான் எனக்கு அவமானமாக இருந்தது. வர மாட்டார் என்று தெரிந்தேதான் பார்த்தேன்.

கடைசியில் பெரிய அதிகாரி ஒருவர் வந்தார். பொட்டலத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், என் நெற்றிக் குங்குமத்தைப் பார்த்தார். இனிமேல் கொண்டுவராதே என்று விரலை ஆட்டிச் சொல்லிவிட்டு, "கலாஸ்" என்றார். முடிந்தது, போ என்று அர்த்தமாம். பொட்டலம் அவர்களோடேயே போய்விட்டது.

வெளியே பணம் மாற்றுகிற கவுண்டர் பக்கத்தில் என் கணவர் நின்றுகொண்டிருந்தார். வேர்த்துப்போயிருந்தார். பாவமாகத்தான் இருந்தது. அடிச்சாங்களா, திட்டினாங்களா, தண்ணி குடிச்சியா என்று ஏதாவது ஒன்றைக் கேட்டிருந்தால் அங்கேயே எல்லாவற்றையும் விட்டிருப்பேன். அவர் கிட்டே வந்து, குரலைத் தாழ்த்தி, "என் பேரைச் சொன்னியா?" என்று கேட்டார்.

"இல்ல" என்றேன்.

நண்பர் காரோடு காத்திருந்தார். ஏன் இவ்வளவு நேரம் என்று கேட்டபோது, "ஒரு சின்னப் பிரச்சினை மாப்ள, சாப்பிடும்போது சொல்றேன்" என்றார் என் கணவர். கார் நெரிசலில் ஊர்ந்தது. பக்கத்தில், தொழிலாளர்கள் தங்குகிற சோனாப்பூருக்குத் திரும்புகிற கம்பெனி பஸ் ஒன்று, ஜன்னலில் தலை சாய்த்துத் தூங்குகிற ஆட்களோடு கூடவே வந்துகொண்டிருந்தது. என்ன அசந்த தூக்கம். நான் அவர்களையே பார்த்துக்கொண்டு வந்தேன்.

வீட்டில் நண்பரின் மனைவி நெய்ச்சோறும் மீன் குழம்பும் செய்து வைத்திருந்தாள். என்னை அன்றுதான் முதன்முதலாகப் பார்க்கிறாள். "வாங்க லாத்தா" என்று கையைப் பிடித்து உள்ளே கூட்டிக்கொண்டு போனாள். அவர்கள் ஊரில் அக்காவை அப்படித்தான் கூப்பிடுவார்கள். அந்தக் கை பிடித்ததும் எனக்கு அழுகை முட்டியது. அடக்கிக்கொண்டேன்.

சாப்பாட்டில் உட்கார்ந்ததும் என் கணவர் கதையை ஆரம்பித்தார். இவள் அறியாமல் கசகசா எடுத்து வந்துவிட்டாளாம். அதிகாரிகள் இவளைப் பிடித்துக்கொண்டார்களாம். இவர் உள்ளே போய், இது எங்கள் நாட்டுச் சமையல் பொருள் என்று விஞ்ஞான ரீதியாக விளக்கினாராம். பெரிய அதிகாரி எழுந்து கை குலுக்கி, மன்னிக்கணும் புரொபசர் என்றாராம். நான் சோற்றில் கை வைத்தபடி கேட்டுக்கொண்டிருந்தேன். அறை, மேஜை, தண்ணீர் பாட்டில் என்று எல்லாவற்றையும் நேரில் பார்த்த மாதிரி சொன்னார். எனக்கே ஒரு நிமிஷம் சந்தேகம் வந்துவிட்டது.

நண்பரின் மனைவி கபடமில்லாமல் சொன்னாள். "நல்லவேளை, ஒங்கள உள்ள விட்டாங்களேண்ணே. நான் மொதமொத வந்தப்ப இருமல் மருந்துக்கு என்னைய உள்ள வச்சுட்டாங்க. இவுக வெளிய நின்னு கத்துன கத்து எனக்கு உள்ள வரைக்கும் கேட்டுச்சு. கதவத் தட்டித் தட்டிக் கை வீங்கிப்போச்சு. கடைசி வரைக்கும் இவுகள உள்ள விடவே இல்ல."

நண்பர் சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, "இந்தக் கசகசாவுக்கே ஜெயிலுக்குப் போனவன்லாம் இருக்கான் மாப்ள" என்றார். என் பக்கம் திரும்பி, "உண்மையிலேயே இவன உள்ள விட்டாங்களாம்மா?" என்று கேட்டார்.

என் கணவர் என்னைப் பார்க்கவில்லை. அப்பளத்தை நொறுக்கிக்கொண்டிருந்தார். அந்த விரல்களைப் பார்த்தேன்.

"விட்டாங்கண்ணே" என்றேன். "இவர் மட்டும் வரலைன்னா என் கதி என்ன ஆகியிருக்குமோ."

அந்தப் பெண் என் தட்டில் இன்னொரு கரண்டி நெய்ச்சோறு வைத்தாள். வேண்டாம் என்று சொல்லத் தோன்றாமல் முழுதையும் சாப்பிட்டேன்.

மறுநாள் ஊரைச் சுற்றிப் பார்த்தோம். உலகத்திலேயே உயரமான கட்டடத்துக்கு முன்னால் நிறுத்தி என் கணவர் என்னைப் படம் எடுத்தார். குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டு, யார் யார் என்ன சொன்னார்கள் என்று வழி நெடுக வாசித்துக் காட்டினார். அவர் குரல் வழக்கத்தைவிட உற்சாகமாக இருந்தது. சாயங்காலம், படகுத்துறையில் அக்கரைக்குப் போகிற படகுக்காக உட்கார்ந்திருந்தபோது நான் சொன்னேன்.

"நான் கப்பலுக்கு வரல. எனக்கு ஊருக்கு டிக்கெட் போட்டுக் கொடுங்க."

"என்ன ஆச்சு உனக்கு? உடம்பு சரியில்லையா?"

"உடம்புக்கு ஒண்ணும் இல்ல."

தண்ணீரைப் பார்த்தபடி, "பயந்துட்டேன்" என்றார். "அந்த ஆள் கேட்டதும் வாய் தானா சொல்லிருச்சு. நான் வேணும்னு சொல்லல."

"பயந்தது தப்பில்ல. நானும்தான் பயந்தேன். நேத்து சாப்பிடும்போது யாரைப் பார்த்துப் பயந்தீங்க?"

தலையைக் குனிந்துகொண்டு, "நீயும்தானே எனக்கு ஒத்துப் பேசின? விட்டுக்கொடுக்காமத்தானே பேசின? இப்ப ஏன்…" என்று இழுத்தார்.

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "உங்க மானத்தைக் காப்பாத்த நான் பொய் சொல்லல. அந்தப் பொண்ணு புருஷன் கதவத் தட்டிக் கை வீங்கினவன். என் புருஷன் தள்ளி நின்னவன். அது அவளுக்குத் தெரியக் கூடாதுன்னுதான் சொன்னேன். இப்படி ஒருத்தரோட இத்தனை வருஷம் குடும்பம் நடத்தினவளான்னு அவ என்னைப் பார்த்துடக் கூடாதுன்னு சொன்னேன். எனக்கு வெட்கமா இருந்துச்சு. அவ்வளவுதான்."

பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். தமிழ் தெரிந்த முகங்கள்தான். படகு வந்தது. நாங்கள் ஏறவில்லை. வந்த வழியே டாக்சி பிடித்துத் திரும்பினோம்.

அடுத்த நாள் காலையில் கிளம்ப வேண்டும். அவர் டிக்கெட்டைப் பற்றி எதுவும் பேசவில்லை. நானும் கேட்கவில்லை. பெட்டியைக் கட்டினேன், எங்கே போவதற்கு என்று தெரியாமலே. நண்பர் காரை எடுக்கக் கீழே போனார். அவர் மனைவி வழியில் சாப்பிட இட்லியும் மிளகாய்ப்பொடியும் கட்டிக் கொடுத்துவிட்டு வாசலில் நின்றாள். என் கணவர் செருப்பை மாட்டினார். ஒரு காலோடு நிறுத்திவிட்டு அவளிடம் சொன்னார்.

"தங்கச்சி, அன்னிக்கு நான் சொன்னது பொய். நான் உள்ள போகவே இல்ல. கசகசா எனக்காக நானே வச்சது. யார் பைன்னு கேட்டாங்க, இவளைக் கை காட்டிட்டு ஒதுங்கி நின்னுட்டேன்."

குரல் உடைந்துவிட்டது. நான் அவரை அப்படிப் பார்த்ததே இல்லை. இந்த ஒரு வார்த்தைக்காகத்தான் இரண்டு நாளாக நெஞ்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தேன். அப்பாடா என்று இருந்தது. அது ஒரு மூச்சு நேரம்கூட நிற்கவில்லை.

"தெரியும்ண்ணே" என்றாள் அந்தப் பெண், ரொம்ப மெதுவாக. "நீங்க சொன்னப்பகூட நான் நம்பிட்டேன். லாத்தா 'விட்டாங்க'ன்னு சொன்னாகள்ல, அந்தக் கொரலக் கேட்டப்பத்தான் தெரிஞ்சுச்சு."

அவள் குத்திக்காட்டிச் சொல்லவில்லை. சொன்ன பிறகு என் கையைப் பிடிக்கத்தான் வந்தாள். நான் இட்லிப் பொட்டலத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றேன். போயிட்டு வர்றேன் என்றுகூட வாயில் வரவில்லை. என் கணவர் உண்மையைச் சொல்லிவிட்டு ஆள் லேசாகிவிட்டார், அது அவர் முகத்திலேயே தெரிந்தது. அந்த வீட்டில் உட்கார்ந்து, அவள் போட்ட சோற்றைத் தின்றுகொண்டே அவள் முகத்தைப் பார்த்துப் பொய் சொன்னவளாக மிஞ்சியது நான்தான். எந்த முகத்தை மறைக்க நினைத்தேனோ அதை அவள் அன்றைக்கே பார்த்துவிட்டு, ஒன்றும் தெரியாதவள் மாதிரி இன்னொரு கரண்டி வைத்திருக்கிறாள்.

கப்பலுக்குப் போனேன். கோட்டு போட்டுக்கொண்டு அவர் நிற்கிற படத்தில் பக்கத்தில் நானும் இருக்கிறேன். எங்களுக்குள் இப்போது சண்டை எதுவும் இல்லை. அவர் அந்த வீட்டோடு பழையபடி பேசிக்கொண்டிருக்கிறார், சிரித்துக்கொண்டிருக்கிறார். "லாத்தா நல்லா இருக்காகளான்னு கேக்குது தங்கச்சி, பேசு" என்று போனை என்னிடம் நீட்டுவார். கையில் மாவு, குக்கர் விசில், குளிக்கப் போகிறேன் என்று ஒவ்வொரு தடவையும் எதையாவது சொல்லிவிட்டு அடுத்த அறைக்குப் போய்விடுகிறேன்.