தூசி ஊதியவர்

காந்திபுரத்தில் ஒரு மாடிக் கடையில் கம்ப்யூட்டர் பழுதுபார்க்கும் அவருக்கு எந்நேரமும் தூக்கம் கெட்ட கண்கள். எந்தப் பெட்டி வந்தாலும் முதலில் உள்ளங்கையை வைத்துச் சூடு பார்ப்பார்.

எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டர் நகரவே மறுத்தது. வைரஸ் என்று பயந்து, அப்பாவுக்குத் தெரியாமல் நானே மூன்று ஆன்டிவைரஸ் போட்டிருந்தேன். "இன்னொருக்கா கெடுத்துப்போட்டயின்னா நெட்டையே புடுங்கிப்போடுவேன்" என்று அப்பா ஏற்கெனவே எச்சரித்திருந்தார்.

"வைரஸே இல்லீங்க அம்மணி. இந்த மூணும் ஒன்னையொன்னு திருடன்னு புடிச்சுட்டிருக்குதுங்க. ஆரு போட்டது?" என்றார் கடைக்காரர், நான் தூக்கிவந்த பெட்டியை ஓடவிட்டுப் பார்த்துவிட்டு.

அப்பா வருகிறாரா என்று நான் படிக்கட்டை எட்டிப் பார்த்தேன். வண்டியை நிறுத்திவிட்டு அப்பா மேலே வந்தார். "ஏனுங்க, என்னாச்சுங்க?"

"தூசிங்க" என்று கொட்டாவியோடு சொல்லிவிட்டு, மூன்று ஆன்டிவைரஸில் இரண்டை அழித்தார். பிறகு பெட்டியைத் திறந்து ஊதினார். உள்ளே தூசியே இல்லை.

என்னைப்போல் இன்னும் எத்தனை பேருக்காக அன்றைக்கு ஊதினாரோ.