இரண்டாவது கை

தி. நகர் லைனிங் கடையில் துணி பர்ரென்று கிழிபடுகிறது. அந்தச் சத்தம் கேட்டதும் எனக்குப் பாரிஸ் நினைவு வருகிறது. அங்கே ஒரு பெரிய ஆடை மாளிகையின் தையல்கூடத்தைப் பார்த்திருக்கிறேன். துணிக்கு வலிக்குமோ என்பதுபோல் மூச்சடக்கி வெட்டுவார்கள். எல்லாம் யாரோ ஒரு சீமாட்டி ஒரே ஒரு சாயங்காலம் உடுத்திக் கழற்றிப் போடுவதற்கு!

என்னை இங்கே அழைத்து வந்திருக்கும் ஸ்டெல்லா, மந்தைவெளியில் இருக்கும் என் நண்பனின் மகள். அந்தக் கூடத்தில்தான் தைக்கிறாள். டிசைனர் ஆகத்தான் போனாள். போன பருவத்து ஃபேஷன் ஷோவில் அவள் வரைந்த கவுன் மேடையேறியது. முதலாளி வந்து தலைகுனிந்து கைதட்டலை வாங்கிக்கொண்டான். இப்போது அவளுக்குப் பதவி உயர்வாம். லீவில் ஊருக்கு வந்திருப்பவள், பாரிஸுக்குத் திரும்பிப் போகிறாளா இல்லையா என்று இன்றைக்குள் அவர்களுக்குச் சொல்லியாக வேண்டும்.

கடைக்காரர் துணியை மடித்தபடி கேட்கிறார், "இன்னாம்மா, பெரிய டிசைனர் ஆயிட்டியா?"

"இல்லண்ணா. இவ்ளோ நாள் 'சின்னக் கை'. அங்க தைக்கிறவங்களுக்கு அதான் பேரு. இனிமே 'ரெண்டாவது கை'யாம்."

"செகண்ட் ஹேண்டா? புதுப்பேட்டைல விக்கிற வண்டியாட்டமா?"

கடையே சிரிக்கிறது. ஸ்டெல்லாவும் சிரிக்கிறாள். பிறகு அவள் சிரிப்பு மட்டும் நின்றுவிடுகிறது. பாரிஸ் இத்தனை வருஷம் பட்டுத்துணி போர்த்தி வைத்திருந்ததை இந்த மனுஷர் ஒரே இழுப்பில் உருவிவிட்டார்.

ஆட்டோ ஏறும் முன் கேட்கிறேன், "என்னம்மா பதில் சொல்லப் போறே?"

"முடியாதுன்னுதான் அங்கிள். பிரெஞ்சுல சொன்னா அதுவும் மரியாதையா இருந்து தொலைக்கும். தமிழ்லயே சொல்லிடறேன்."