குற்றாலச் சாரலும் அத்தான் நாடகமும்

போன ஆனியில் அக்காவும் நானும் சுந்தரபாண்டியபுரத்திலிருந்து வண்டி கட்டிக்கொண்டு கிளம்பினோம். குற்றாலத்துக்குக் குளிக்கப் போவதாக வீட்டில் சொன்னோம். அது பொய்யில்லை. ஆனால் முதலில் தென்காசியில் அத்தான் நாடகம். அவர் ஒரு கம்பெனியில் பபூன் வேஷம் போடுகிறவர்.

தென்காசிக்கு ஆறு மைல். கஞ்சி குடித்துவிட்டுப் புறப்பட்டால் வெயில் ஏறுமுன் சேரலாம். நாங்கள் சாரலில் நனைந்து மதியம்தான் சேர்ந்தோம். கொட்டகையில் தரை டிக்கெட் இரண்டு அணா.

கதை ராஜா கதைதான். நடுவே பபூன் ஜவுளிக்காரனாக வருவார். சீமைத் துணியை உதறி, "இதை என்ன செய்யலாம்?" என்று கேட்டு, "கொளுத்தலாம்" என்று தாமே பதிலும் சொல்லுவார். சிவகிரியில் அப்படிச் சொன்னதற்குப் போலீஸார் கூப்பிட்டு, இன்னொரு தடவை சொன்னால் ஜெயில் என்று எச்சரித்திருந்தார்கள். அக்காவுக்கு ஏழு மாதம். திரைக்குப் பின்னால் போய் அவரிடம் சத்தியம் வாங்கினாள்.

"பிள்ளை மொகத்தைப் பாக்கணும்னா அந்தச் சொல்லு வேண்டாம்."

"சரிட்டி, சொல்லல."

விளக்கேற்றியதும் நாடகம் தொடங்கியது. முன் நாற்காலியில் ஏட்டையா ஒருவர் இருந்தார். அத்தான் துணியை உதறி, "இதை என்ன செய்யலாம்?" என்று கேட்டார். பிறகு வாயை மூடிக்கொண்டு தாடையைச் சொறிந்தார். ஆர்மோனியமும் நின்றுவிட்டது.

"என்னவே அண்ணாச்சி, பயந்துட்டீரா?" என்று ஆண்கள் பக்கத்திலிருந்து ஒருவர் கேட்டார். சிரித்தார்கள். அரிதாரத்துக்கு உள்ளேயும் அத்தான் முகம் சுருங்கியது தெரிந்தது.

"அடுப்புல வையுங்க."

என் பக்கத்திலிருந்துதான் அந்தக் குரல் வந்தது. அக்கா.

ஏட்டையா எழுந்து எங்கள் பக்கம் திரும்பி, "யாரு அது?" என்றார். எல்லாரும் தலையைக் குனிந்துகொண்டோம். வெற்றிலை மென்றுகொண்டிருந்த ஓர் அம்மாள் மட்டும், "என்னத்துக்குக் கேக்கிய? உங்க வீட்டு அடுப்பு எரியலியோ?" என்றாள். கொட்டகையே சிரித்தது. அத்தான் மறுபடி துணியை உதறிக் கேட்டார். இந்தத் தடவை இரண்டு பக்கமும் பதில் சொன்னது. ஐந்தாவதோடு படிப்பை விட்ட எனக்கு அரசியல் தெரியாது. நானும் சொன்னேன், வாய்க்குள்ளேதான். யாரைப் பிடிப்பது என்று சுற்றிலும் பார்த்துவிட்டு ஏட்டையா உட்கார்ந்துவிட்டார்.

மறுநாள் காலை அத்தானும் எங்களோடு வண்டியில் குற்றாலம் வந்தார். மூன்றரை மைல்தான். அருவியில் நல்ல தண்ணீர். அக்கா குளிக்காமல் பாறையில் உட்கார்ந்திருந்தாள்.

"சத்தியமும் வாங்கிட்டு நீயே சொல்லிட்டியே" என்றார் அத்தான், தலையைத் துவட்டிக்கொண்டே.

"நீங்க சொல்ல மாட்டியன்னு தெரிஞ்சுதான் சொன்னேன்."

சாரலுக்கு வருகிறவர்கள் தென்காசியில் ஒரு ராத்திரி தங்கி நாடகம் பாருங்கள். மாற்றுத் துணி கொண்டுவாருங்கள். கொட்டகையில் பெண்களுக்கு இடப்பக்கம் பாய் விரித்திருக்கும். கூச்சப்பட்டுப் பின்னால் போய் உட்காராதீர்கள். முன்னால் இருந்து பேசினால் மேடைக்குக் கேட்கிறது.