வெடிக்காத தக்காளி

நாற்று விற்கிறவனுக்குக் காசு இன்றைக்கு வரும், வசவு மூன்று மாதம் கழித்துக் காய் பிடித்த பிறகு வரும்.

வெட்டவெளியில் தக்காளி போட்டுக் கையைச் சுட்டுக்கொண்ட என் இனத்தவரே, உங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. எந்த ரகம் என்று தேர்ந்தெடுப்பதற்குள் பாதி உயிர் போய்விடும். எனக்கோ ரகத்தோடு ஒரு சொல்லும் சேர்ந்துகொண்டது. அந்தச் சொல்லால் என் நாற்றுப்பண்ணையே ஆட்டம் கண்டது.

பலகை

சிவகாசி அச்சகம் ஒன்றில் பல வருடம் புரூப் பார்த்து எழுத்துப் பிழை திருத்தியவன் நான். அதை விட்டுவிட்டு ஏழாயிரம்பண்ணை சாலையில், ஒரு பட்டாசுக் கம்பெனியை ஒட்டிய நிலத்தைக் குத்தகைக்கு எடுத்து நாற்றுப்பண்ணை போட்டேன். நிலமும் கம்பெனியும் ஒரே அண்ணாச்சிக்குச் சொந்தம்.

எங்கள் பக்கத்து வானம் பல வாரம் காயப்போடும், பிறகு ஒரே மழையில் கொட்டித் தீர்க்கும். அப்போது உள்ளே சதை ஊதும், தோல் ஈடுகொடுக்காது, பழம் வாய் பிளந்துவிடும். விவசாயிகள் இதை வெடிப்பு என்பார்கள். தடித்த தோல் ரகமாகத் தேடிப் பிடித்து வளர்த்து, கம்பெனி கேட்டுக்குச் சற்று முன்னால் பலகை வைத்தேன்: ‘வெடிக்காத தக்காளி நாற்று இங்கே கிடைக்கும்’. இலக்கணப்படி ஒரு குறையும் இல்லை. மறுநாள் காலை பட்டாசுக்கு ஆள் ஏற்றி வந்த வேன் பலகைக்கு எதிரே மெதுவானது. ஜன்னல் வழியே ஒரு குரல் வந்தது:

“ஏலே, நமத்துப்போன தக்காளியாம்லே!”

எந்த நாடு?

அச்சங்குளத்திலிருந்து ஒரு பெரியவர் வந்தார். கரிசலில் சொந்த நிலம், சலவை வேட்டி, தீர்மானமான மீசை. ஹைபிரிட் பக்கமே திரும்ப மாட்டேன், நம்ம நாட்டுத் தக்காளிதான் வேண்டும் என்றார். நாட்டுத் தக்காளி புளிப்பாக இருக்கும், ரசத்துக்கு அதை அடிக்க ஆள் இல்லை. ஆனால் தோல் மெல்லிசு. ஐப்பசி மழைக்கு முன்னால் பறித்துவிட வேண்டும். இதைச் சொல்லி நிறுத்தியிருக்கலாம். புரூப் பார்த்த புத்தி விடவில்லை.

“தக்காளி எதுவுமே நம்ம நாடு இல்லைங்க. கடல் தாண்டி வந்தது. அந்தக் காலத்தில் இதைச் சீமைத் தக்காளி என்றுதான் சொன்னார்கள். வெறும் தக்காளி என்றால் வேறு ஒரு செடி” என்று ஆரம்பித்து, அமெரிக்கக் கண்டம் வரை போய்த் திரும்பினேன். அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு முழுவதையும் பொறுமையாகக் கேட்டார். பிறகு சொன்னார்:

“சரிங்க, அது எந்த நாடோ அந்த நாட்டுத் தக்காளியே குடுங்க. புளிக்கணும், அம்புட்டுத்தேன்.”

செல்போனில் காய்த்த தக்காளி

ஆனைக்குட்டம் பக்கம் புதிதாகத் தோட்டம் வாங்கிய அச்சக முதலாளி ஒருவர், மனைவியைக் காரிலேயே விட்டுவிட்டு இறங்கி வந்தார். செல்போனை என் மூக்குக்கு நேரே நீட்டினார். படத்தில் ஆள் உயரக் கொடியில் கொத்துக் கொத்தாகத் தக்காளி. “இதே ரகம் வேணும்.”

“உங்க தோட்டத்துக்குக் கூரை இருக்கா?” என்று கேட்டேன். அவருக்குப் புரியவில்லை. படத்தில் இருப்பது வலைக்குடிலுக்குள் வளர்கிற ரகம், இலை குறைவு. நம் ஊர் வெயிலில் நட்டால் பழத்தில் காம்பை ஒட்டிய தோள்பக்கம் வெளுத்து வெந்துபோகும். வெட்டவெளிக்குக் குட்டையாக, அடர்ந்த இலையோடு, தன் காய்க்குத் தானே நிழல் கொடுக்கிற செடிதான் சரி என்றேன். அது பார்க்க லட்சணமாக இல்லையே என்று இழுத்தார். கேட்ட ரகத்தைக் கொடுத்தால் என்ன, ஆள் வைத்து நிழல் போட்டுக்கொள்கிறேன் என்றார். நான் தர முடியாது என்றேன். பேச்சு முற்றுகிற நேரத்தில் அவருடைய மனைவி காருக்குள்ளிருந்தே தீர்ப்புச் சொன்னார்:

“இவுக வழுக்கைக்கே குடை பிடிக்க நாதியில்ல, தக்காளிக்கு யாரு பிடிப்பா?”

மாற்றுச் சொல்

சீசன் நேரம். வெளியூர் வியாபாரிகள் பட்டாசு ஆர்டர் கொடுக்க வரத் தொடங்கியதும் அண்ணாச்சி என் பண்ணைக்கு நடந்தே வந்தார். “ஒரு பார்ட்டி உங்க போர்டப் படிச்சிட்டு, ‘சரக்கு வெடிக்காதுன்னு வாசல்லயே எழுதிட்டீகளா’ன்னு கேட்டுச் சிரிக்கான். எனக்கு எப்படி இருக்கும்? பிளக்காத தக்காளின்னு போடுங்க. இல்ல, கீறாத தக்காளின்னு போடுங்க.”

பிளப்பது விறகு, கீறுவது நகம் என்றேன். உள்ளேயிருந்து நெருக்கித் தோல் விட்டுப்போனால் அதற்குப் பெயர் வெடிப்பு. பருத்திக்காய் வெடிக்கிறது, கரிசல் நிலம் வெடிக்கிறது, உங்கள் குதிகாலில் இருப்பதுகூட வெடிப்புத்தான் என்று அவர் காலைப் பார்த்தேன். அவர் காலைச் செருப்புக்குள் இழுத்துக்கொண்டார். மரியாதை குறையாமல்தான் பேசினார்:

“தை பொறந்தா குத்தகை முடியுது. அந்த வார்த்தை இருந்தா நீங்க இங்கன இருக்க மாட்டீக, யோசிச்சுக்கிடுங்க.”

பேச்சியம்மாள்

பலகையை இறக்கிவிடலாமா என்று ஒரு வாரம் யோசித்தேன். நாற்று வளர்க்க நல்ல தண்ணீருள்ள இடம் இந்தச் சாலையில் எளிதில் கிடைக்காது. அந்த வாரத்தில்தான் சாயங்கால வேனிலிருந்து பேச்சியம்மாள் இறங்கி வந்தாள். அண்ணாச்சி கம்பெனியில் வேலை, வாடிக்கையாக நாட்டு நாற்று வாங்குகிறவள். அன்று பலகையைக் காட்டி, அந்த ரகம் கொடுங்கள் என்றாள்.

உண்மையைச் சொல்லிவிட்டேன். எந்த ரகமும் சத்தியம் பண்ணாது. காயப்போட்டுவிட்டு ஒரேயடியாகத் தண்ணீர் ஊற்றினால் இதுவும் வெடிக்கும், அளவாக ஊற்ற வேண்டும். அதோடு இதில் உன் ரசத்துக்குப் புளிப்பும் போதாது. பிறகு எதற்கு ரகம் மாற்றுகிறாய் என்று கேட்டேன். விரலிடுக்கில் வெடிமருந்தின் சாம்பல் நிறம் போகாத கையால் நாற்றுகளை வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள்.

“பகல் பூராம் வெடிக்கிறதத்தான் தொட்டுக்கிட்டு கெடக்கோம். வாசல்லயாச்சும் வெடிக்காதது ஒண்ணு நிக்கட்டும்ணே.”

தை

அதற்குப் பிறகு யோசிக்கவில்லை. பலகைக்குப் புது வர்ணம் அடித்தேன். தை பிறந்தது, குத்தகை போனது. சாலையின் எதிர்ப்புறம் தண்ணீர் கொஞ்சம் உவர்ப்பான ஒரு துண்டு நிலம் கிடைத்தது. நல்ல தண்ணீர் வாங்கித் தொட்டியில் கலந்து சமாளிக்கிறேன், நாற்றில் கொஞ்சம் சாகிறது. பலகையையும் அங்கேயே நட்டேன். முன்பு கேட்டுக்குப் பக்கவாட்டில் இருந்தது, இப்போது கேட்டுக்கு நேர் எதிரே. வேலை விட்டு வெளியே வருகிற எல்லாரும் முதலில் படிப்பது அதைத்தான். அண்ணாச்சி ஒரு நாள் கேட்டருகே நின்று வெகுநேரம் பார்த்தார். பிறகு சாலைக்கு அந்தப் பக்கமிருந்தே கேட்டார்:

“ஏங்க, எழுத்தையாச்சும் கொஞ்சம் சின்னதாப் போடக் கூடாதா?”

போடவில்லை. வெட்டவெளிக்கென்று ஒரு ரகத்தைத் தேர்ந்தெடுத்துவிட்டால், அப்புறம் செடியும் சரி, விற்கிறவனும் சரி, நிழல் கேட்டு மனுப் போடக் கூடாது.